நாலு டப்பா சேர்ந்தா கொழுப்பு கரையுமா?

1/ தாம்பரம், செலையூர், மேடவாக்கம்னு நம்ம ஏரியா முழுக்க இந்தக் காம்போ வியாபாரம்தான். குடம்புளி கேப்சூல், கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், குரோமியம், கூடவே ஒரு ஷேக் பவுடர். "பரோட்டா, பிரியாணியை விட வேண்டாம், இதைச் சேர்த்து எடுங்க, எடை குறையும்"னு விக்கிறாங்க. அரசு டாக்டரா சொல்றேன்: நம்பாதீங்க.

2/ "ஆராய்ச்சி இருக்கு டாக்டர்"னு லிங்க் அனுப்புறாங்க. திறந்து பாருங்க, பெரும்பாலும் எலி ஆராய்ச்சி. கலோரியில 60% வரை கொழுப்பா கொடுத்து எலியைக் குண்டாக்கி, அப்புறம் மருந்தை அளந்து கொடுப்பாங்க. கூண்டு எலி ராத்திரி 11 மணிக்கு ஜிஎஸ்டி ரோட்டுல கொத்து பரோட்டா சாப்பிடாது.

3/ மனுஷங்ககிட்ட? 1998ல ஜாமா இதழில் வந்த சோதனை: 135 பேர், 12 வாரம், எல்லாருக்கும் கலோரி குறைச்ச சாப்பாடு. குடம்புளிச் சத்து எடுத்தவங்க சராசரியா 3.2 கிலோ குறைஞ்சாங்க. வெத்து மாத்திரை எடுத்தவங்க 4.1 கிலோ! எடையைக் குறைச்சது சாப்பாடு, கேப்சூல் இல்ல.

4/ "நேச்சுரல்தானே, என்ன ஆகும்?" அமெரிக்காவில் ஹைட்ராக்சிகட்னு பல பொருள் கலந்த ஒரு சப்ளிமென்ட். கல்லீரல் பாதிப்புப் புகார்கள் 23, அதில் ஒரு மரணம். 2009ல எஃப்டிஏ எச்சரிச்சதும் கம்பெனி திரும்பப் பெற்றது. எந்தப் பொருள் காரணம்னு அப்போ எஃப்டிஏவாலேயே சொல்ல முடியல. காம்போவோட ஆபத்தே இதுதான்.

5/ இன்னொண்ணு. கேப்சூல்லயும் கிரீன் டீ சத்து, பவுடர்லயும் கிரீன் டீ சத்து. உங்களுக்குத் தெரியாமலே டோஸ் கூடும். அதில் இருக்கிற இஜிசிஜி, சப்ளிமென்டா தினம் 800 மி.கி. தாண்டினா கல்லீரல் என்சைம் ஏறலாம்னு 2018லயே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு. குடிக்கிற கிரீன் டீ வேற, செறிவாக்கின சத்து வேற.

6/ "எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கே?" அது உணவுக்கான உரிமம். எடை குறையும்னு அரசு கொடுத்த சான்றிதழ் இல்ல. அதே டப்பாவில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"னு பொடி எழுத்தில் இருக்கும், படிங்க.

7/ அப்போ என்ன செய்யலாம்? எண்ணெயில இருந்து ஆரம்பிங்க. ஐசிஎம்ஆர்-என்ஐஎன் 2024 வழிகாட்டுதல்படி ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு சுமார் 27 கிராம். நாலு பேர் வீட்டுக்கு மாசம் மூணரை லிட்டர். உங்க வீட்டு மளிகை பில்லை எடுத்துப் பாருங்க. வெளியில சாப்பிடுற எண்ணெயும் இந்தக் கணக்குலதான்.

8/ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி, சுகர் இலவசமா பார்ப்பாங்க. சுகர் மாத்திரை எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்காம எந்த டப்பாவையும் தொடாதீங்க.

9/ ஏற்கெனவே எடுக்கிறீங்களா? கண் மஞ்சள், அடர் நிற சிறுநீர், விடாத வாந்தி, உடம்பெல்லாம் அரிப்பு இருந்தா உடனே நிறுத்துங்க. கீழாநெல்லி குடிச்சுட்டு நாள் கடத்தாம, எல்லா டப்பாவையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. யாரும் திட்ட மாட்டோம்.