மாட்டுத் தொழுவமும் ஏரி நீரும்

சென்னைக்குத் தெற்கேயுள்ள ஊர்களின் நீர்நிலைகள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் அதன் உபரி நீர் நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளுக்கும் சென்று, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. மேற்கே முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர்ப் பக்கத்து வடிநீர் அடையாற்றில் விழுகிறது. ஆகையால் இப்பிரதேசத்தில் ஒருவர் தம் வாசலில் வடிய விடும் அழுக்கு அவர் வாசலோடு நின்றுவிடுவதில்லை. பத்து ஊர் தாண்டியுள்ளவர் கிணற்றிலும் அது ஊறுகிறது. 2021ஆம் வருஷத்தில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி ஏற்பட்டது. "அது பக்கத்து ஊர் அழுக்கு" என்று கை விரிப்பதற்கு முன்பு இருந்த சௌகரியம் அன்றோடு பெரும்பாலும் போய்விட்டது. இந்நிலையில், மாட்டுத் தொழுவங்களின் கழிவு நீரைப் பற்றி நாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இது அற்ப விஷயமென்று சிலர் கருதக்கூடும். கணக்கைப் பார்ப்போம். 400 கிலோ எடையுள்ள ஒரு மாடு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ சாணமும், 15 முதல் 20 லிட்டர் மூத்திரமும் கழிக்கிறதென்று மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2020ஆம் வருஷத்தில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் கூறியிருக்கிறது. பத்து மாடுகள் உள்ள தொழுவங்கள் நூறு இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தினந்தோறும் குறைந்தது 15 டன் சாணம் சேரும். வயற்காட்டுக்குப் போனால் இது செல்வம். கழுவி விடப்பட்டு மழைநீர்க் கால்வாய் வழியே ஏரிக்குப் போனாலோ, இதுவே விஷம். நீரில் கரைந்த பிராணவாயுவை அது உண்டுவிடுகிறது, மீன் சாகிறது, ஆகாயத் தாமரை தழைத்து ஏரியை மூடுகிறது. மண்ணுக்குள் இறங்கும் மூத்திரம் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றை அடைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாதென்பது நம் தேசத்தின் தர விதி. அளவு மீறினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகளே. குழந்தைக்குப் பால் வேண்டுமென்பதற்காக வைத்திருக்கும் தொழுவம் அதே குழந்தையின் தண்ணீரைக் கெடுக்குமாயின், அந்த ஏற்பாட்டில் கோளாறு இருக்கிறதென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சட்டம் இல்லாமலில்லை. 1974ஆம் வருஷத்து நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அழுக்கை நீரோட்டத்திலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ அறிந்து விடுவதை எவருக்கும் தடை செய்கிறது. 25ஆம் பிரிவு, கழிவு நீரை வெளியேற்றக்கூடிய எந்தத் தொழிலையும் வாரியத்தின் இசைவாணை பெறாமல் ஏற்படுத்தக் கூடாதென்கிறது. பால் பண்ணைகளும் கோசாலைகளும் இந்த இசைவாணை முறைக்குள் வரவேண்டுமென்பதை 2020ஆம் வருஷத்து வழிகாட்டு நெறிகள் தெளிவாக்கின. இத்தனையும் ஏட்டில் இருக்கின்றன.

இவ்விஷயத்தில் அமெரிக்காவின் அநுபவம் நமக்குப் பாடமாகக் கூடியது. அத்தேசத்தின் 1972ஆம் வருஷத்துச் சட்டம், மாடுகளைக் கூட்டமாக அடைத்துத் தீனி போடும் பெரும் பட்டிகளை, ஆலைக் குழாயைப் போன்றே, அழுக்கு வெளிவரும் வாயில்களாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 700 கறவை மாடுகளோ 1,000 இறைச்சி மாடுகளோ உள்ள பட்டி அங்கே பெரும் பட்டி எனப்படும். 2003ஆம் வருஷத்தில், பெரும் பட்டிகள் யாவும் அநுமதிக்கு மனுச் செய்தே ஆகவேண்டுமென்று விதி செய்தார்கள். பண்ணை முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். உண்மையில் அழுக்கை வெளியே விடுபவன்தான் அநுமதி பெறவேண்டும், விடக்கூடும் என்பதற்காக எவனையும் கட்டாயப்படுத்தலாகாது என்று 2005ஆம் வருஷத்தில் ஒரு கோர்ட் தீர்ப்பளித்தது. "விட உத்தேசித்திருப்பவனும்" பெறவேண்டுமென்று 2008ஆம் வருஷத்தில் விதியைத் திருத்தியதையும் 2011ஆம் வருஷத்தில் மற்றொரு கோர்ட் தள்ளிவிட்டது. பலன் என்னவென்றால், "நான் ஒரு சொட்டும் விடவில்லை" என்று சொல்லும் பட்டிக்காரர் அநுமதி பெறவேண்டியதில்லை. அவர் விட்டதை அதிகாரிதான் ருசுப்படுத்த வேண்டும். மழை பெய்து கால்வாய் கழுவப்பட்ட பிறகு ருசுவை எங்கே தேடுவது?

நம் சட்டமோ இவ்விஷயத்தில் உறுதியானது. கழிவு நீரை வெளியேற்றியவர் மட்டுமன்றி, வெளியேற்றக்கூடிய தொழிலை நடத்துபவரும் இசைவாணை பெறவேண்டுமென்று அதன் வாசகமே கூறுகிறது. அந்நிய தேசத்துச் சட்டங்களைக் கண்டு வியப்பதே பழக்கமாகிவிட்ட நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாசகத்தில் நாம் அவர்களுக்குக் குறைந்தவர்களல்ல. குறை நிறைவேற்றுவதில்தான் இருக்கிறது.

அந்தக் குறைக்கு மூலம் எது? பெரிய பண்ணையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி, சிறிய தொழுவங்கள் நிறைந்த ஊரில் பற்றுவதில்லை. நம் புறநகரங்களில் 700 மாடுகள் ஒரே கூரையின் கீழ் நிற்பதில்லை. ஒரு சந்தில் ஐந்து, அடுத்த தெருவில் பன்னிரண்டு, ஏரிக்கரையோரம் இருபது என்று அவை சிதறி நிற்கின்றன. ஒவ்வொரு தொழுவத்தையும் தனியே நோக்கினால் எதுவும் பெரிதாகத் தோன்றாது. எல்லாவற்றின் கழிவையும் ஏற்கும் ஏரியை நோக்கினால் அவை யாவும் சேர்ந்து ஒரு பெரும் பட்டியே. ஏரிக்கு ஒரு முதலாளியின் சாணம், ஐம்பது குடும்பங்களின் சாணம் என்ற வித்தியாசம் தெரியாது. தொழுவத்தின் தலை எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் எந்த விதியும் இங்கே பயன் தராது. ஒவ்வோர் ஏரிக்கும் அதன் நீர்ப்பிடிப்பில் உள்ள மாடுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவதே முறை என்பது நமது அபிப்பிராயம்.

இதைக் கேட்டவுடன் இரு தரப்பார் ஆட்சேபம் கூறுவார்கள். ஒரு தரப்பார், மாடுகளையெல்லாம் ஊருக்கு வெளியே ஓட்டிவிடுங்கள் என்பார்கள். 1949ஆம் வருஷத்தில் பம்பாயின் எருமைகளை ஆரே பால் காலனிக்குக் கொண்டுபோனதை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் இடத்தை மாற்றுவது மட்டும் பரிகாரமாகாது. பஞ்சாபில் லூதியானா நகரத்தில் தாஜ்பூர் சாலையிலும் ஹைபோவாலிலும் பால் பண்ணைகள் ஓரிடத்தில் திரட்டப்பட்டிருக்கின்றன. சாணத்துக்குச் சரியான வழி செய்யப்படாமற்போனதால், அது நெடுங்காலம் புட்டா நாலா என்னும் ஓடையில் விழுந்து, அந்த ஓடை சட்லெஜ் நதியையே அழுக்காக்கியது. அழுக்கைத் திரட்டுவது வேறு, தீர்ப்பது வேறு. மேலும், பரம்பரையாக மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்தை ஒரு நோட்டீஸினால் ஓட்டுவது நியாயமுமாகாது. மற்றொரு தரப்பார், ஏழைகளின் ஜீவனத்தில் கை வைக்காதீர்கள், கோமாதாவின் சாணம் புனிதமானது என்பார்கள். ஏரி நீரைக் குடிப்பவர்களும் ஏழைகளே. பணக்காரர் லாரியில் தண்ணீர் வாங்கிக்கொள்வார். பசுவைப் பூஜிப்பவர் அதன் சாணத்தைச் சாக்கடையில் தள்ளுவது எந்த சாஸ்திரத்தில் சேர்ந்தது என்று நாம் கேட்கிறோம்.

வழியைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை, பல்லாவரத்திலேயே இருக்கிறது. குரோம் லெதர் கம்பெனியின் பெயரால் குரோம்பேட்டை என்று ஓர் ஊரே ஏற்பட்ட பிரதேசம் இது. தோல் பதனிடும் தொழிலின் கழிவினால் இங்கே நிலத்தடி நீர் கெட்ட வரலாறு யாவரும் அறிந்தது. சிறிய தோல் ஷெட்டுக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே சுத்திகரிப்பு யந்திரம் வைப்பது இயலாத காரியம். ஆகவே பல்லாவரத்தில் அவர்கள் ஒன்று சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துச் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். 1996ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28ந் தேதி வேலூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட், தமிழ்நாட்டின் 900க்கு மேற்பட்ட தோல் ஷெட்டுகளைப் பற்றித் தீர்ப்புக் கூறியபோது, அழுக்காக்கியவனே அதன் செலவை ஏற்கவேண்டும் என்பதும், தீங்கு நேரும் முன்பே தடுக்கவேண்டும் என்பதும் இத்தேசத்துச் சட்டமே என்று நிலைநாட்டியது. தொழிலும் பிழைக்க வேண்டும், நீரும் பிழைக்க வேண்டும் என்றால் கூட்டு முயற்சியே வழி. மாட்டின் தோலுக்குச் செய்ததை மாட்டின் சாணத்துக்கு ஏன் செய்யலாகாது?

நாம் கூறும் யோசனை இதுதான். முதலாவது, மாநகராட்சி தன் எல்லையிலுள்ள தொழுவங்களையும் மாடுகளையும், எந்தத் தொழுவம் எந்த ஏரிக்கு வடிகிறது என்பதையும் கணக்கெடுத்து ஜனங்கள் அறியப் பிரசுரிக்க வேண்டும். இரண்டாவது, வீட்டுக் குப்பைக்கு வண்டி வருவதுபோல் சாணத்துக்கும் தினசரி வண்டி வரவேண்டும். மூன்றாவது, சேர்ந்த சாணத்தைக் கொண்டு எரிவாயுவும் எருவும் செய்யும் பொது நிலையம் ஒன்றை மாநகராட்சியும் பால் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து நடத்த வேண்டும். சாணத்தையும் செத்தையையும் கொண்டு நல்ல எரு செய்யும் முறையை ஆல்பர்ட் ஹாவர்டு இந்தூரில் வகுத்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. நம் குடியானவர்களிடமிருந்தும் அவர் கற்றுக்கொண்டார். நான்காவது, மாடு ஒன்றுக்கு இவ்வளவென்று சிறு கட்டணம் வசூலிக்க வேண்டும். எரு விற்ற பணத்தில் ஒரு பங்கு மாட்டுக்காரருக்குத் திரும்ப வேண்டும். பெரிய பண்ணைகள் இந்தச் சலுகையைக் கேட்கலாகாது. அவை இசைவாணை பெற்றுத் தங்கள் செலவிலேயே சுத்திகரிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து, போதிய தவணையும் கொடுத்த பிறகு, கால்வாயில் சாணம் கரைப்பவர் எவராயினும் 24ஆம் பிரிவைத் தயக்கமின்றிப் பிரயோகிக்கலாம். வண்டியும் நிலையமும் இல்லாமல் தண்டனையை மட்டும் முன்னே நிறுத்தினால், அது மாட்டுக்காரருக்குத் தொல்லையாகவும் சில்லறைச் சிப்பந்திகளுக்கு வருமானமாகவும் முடியுமேயன்றி, ஏரிக்கு ஒரு பலனும் தராது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022ஆம் வருஷத்தில் ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கௌரவத்தை நாம் ஏற்றுக்கொண்டோம். அதற்கு நீர் அனுப்பும் ஏரிகளைத் தொழுவச் சாக்கடையாக வைத்துக்கொண்டு அக்கௌரவத்தைக் காப்பாற்ற முடியாது. பருவமழை வருமுன் கணக்கெடுப்பையாவது முடிக்கும்படி தாம்பரம் மாநகராட்சியையும், இசைவாணை விஷயத்தில் தன் கடமையைச் செய்யும்படி தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தையும் நாம் வற்புறுத்துகிறோம். இப்பகுதி கவுன்சிலர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பிரஸ்தாபிப்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.