வாற்பேத்தையின் வால் எங்கே?

மாரிகாலத்தில் வயற்கரைக் குட்டைகளிலே நீந்தும் வாற்பேத்தைகளைக் காணாத சிறுவர் இலர். அவை தவளைகளாகிக் கரையேறுகையில் வால் மறைந்துவிடுகின்றது. ஆயினும், அறுந்து வீழ்ந்த வாலை எவரும் கண்டதில்லை. அஃது எங்கே போயிற்று?

1962ஆம் ஆண்டில் ஜெரோம் குரொஸ், சார்ல்ஸ் லப்பியேர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இதற்கு விடை கண்டனர். வாற்பேத்தை வாலின் உயிருள்ள துண்டுகளைக் கொலாஜன் என்னும் புரதத்தாலான களியின்மீது அவர்கள் வைத்தார்கள். துண்டுகளைச் சுற்றிக் களி கரைந்து தெளிந்தது. வாலின் கலங்களே ஒரு நொதியத்தைச் சுரந்து அப்புரதத்தை வெட்டின என்பது புலனாயிற்று.

கொலாஜன், முப்புரிக் கயிறுபோல் முறுக்குண்டு நம் தோலையும் எலும்பையும் தாங்கி நிற்பது. அக்கயிற்றை வெட்டவல்ல நொதியம் நம்மிடத்தும் உண்டு. அதன் குடும்பத்தில் மனிதருக்கு 23 நொதியங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை கலத்துக்கு வெளியே சுரக்கப்படுவன. வெட்டும் இடத்தில் நாக அணு ஒன்று அமைந்திருக்கும். சுரக்கும்போது அவ்விடத்தை ஒரு புரதத்துண்டு மூடியிருப்பதால், இவற்றை உறையிலிட்ட கத்தி எனலாம். தேவை நேருங்கால் உறை நீங்கும். வேலை மிஞ்சாதபடி தடுக்கும் புரதங்களும் உடலிலே உள.

புண் ஆறுவதற்கும், எலும்பு வளர்வதற்கும், மகப்பேற்றின் பின் கருப்பை சுருங்குவதற்கும் இந்நொதியங்கள் வேண்டும். அளவு மிஞ்சினாலோ மூட்டுத் தேயும். பல்லைப் பிடித்திருக்கும் இழையம் அழியும். புற்றுநோய் பரவவும் வழி திறக்கும்.

எனவே இவற்றை அடக்கிப் புற்றுநோயை வெல்லலாம் என்று 1990களில் மருந்துகள் செய்து பரிசோதித்தனர். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. நோயாளர் பலருக்கு மூட்டுவலியே மிஞ்சிற்று. தீங்கு செய்யும் நொதியத்தோடு நன்மை செய்வனவும் சேர்த்துத் தடுக்கப்பட்டமை அதற்கு ஒரு காரணம். ஆயினும் முயற்சி முற்றும் வீணாகவில்லை. டொக்சிசைக்கிளின் என்னும் மருந்தை, கிருமியைக் கொல்லப் போதாத சிற்றளவிற் கொடுத்து, முரசு நோயில் இந்நொதியத்தை அடக்கும் முறைக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பல் துலக்கும்போது முரசில் இரத்தம் கசிவதைச் சிறிதென எண்ணி விடுகின்றோம். அங்கே உறை நீங்கிய கத்திகள் வேலை செய்துகொண்டிருக்கக்கூடும். பல் ஆடுமளவும் காத்திராது பல்வைத்தியரை நாடுவதே நமக்கு நன்று.