இலக்கும் அதன் விலையும்



கணினி நிரல் எழுதும் பணியிலுள்ள நம் வாலிபரிடம் வாழ்க்கையின் இலக்கு யாது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியல் கிடைக்கும்: பெரிய நிறுவனம், உயர்ந்த ஊதியம், வெளிநாட்டு வாய்ப்பு, சொந்த வீடு. இவற்றில் எதுவும் பாவமன்று. ஆயினும் இப்பட்டியலில் பெற வேண்டியவை மட்டுமே உண்டு; விட வேண்டியது ஒன்றுமில்லை. விலை குறிக்கப்படாத இலக்கு வெறும் ஆசையே என்பது என் எண்ணம். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவரும் போதித்தார் (லூக்கா 14).

அவ்வாறு கணக்குப் பார்த்த ஒருவரை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். அமெரிக்கரான டொனால்ட் கனூத் 1938-இல் பிறந்தவர். லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த விசுவாசி. நிரலாக்கக் கலையைப் பற்றிய தம் நூலை 1962-இல், 24-ஆம் வயதில் தொடங்கினார். முதல் தொகுதி 1968-இல் வெளிவந்தது. பின்னர் ஒரு தொகுதியின் மறுபதிப்புக்கான அச்சு எழுத்துகள் அழகற்றிருக்கக் கண்டு, அச்சுக்கோப்பதற்கென்றே ‘டெக்’ என்னும் மென்பொருளை உருவாக்க முனைந்தார். விரைவில் முடியும் என்று அவர் எண்ணிய அப்பணி ஏறத்தாழப் பத்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. அதனை அவர் விற்கவில்லை. உலகத்தாருக்கு இலவசமாகவே அளித்தார். இன்றும் கணித அறிஞர் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

1990 ஜனவரி முதல் நாளன்று மின்னஞ்சலைக் கைவிட்டார். 1993-இல், 55-ஆம் வயதில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பணியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றார். எல்லாம் அந்த நூலுக்காகவே. தம் நூலில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் வெகுமதி அறிவித்தார்; திருத்தப்படுவதை அவர் இழிவாகக் கருதவில்லை. 2022-இல், 84-ஆம் வயதில், மேலும் ஒரு பகுதியை வெளியிட்டார். திட்டமிட்ட ஏழு தொகுதிகள் அப்போதும் நிறைவு பெறவில்லை. இது தோல்வியா? நான் அப்படி நினைக்கவில்லை. முடிப்பது தேவனுடைய கரத்தில் உள்ளது. உண்மையாய் இருப்பதே நம்மிடம் கேட்கப்படுகிறது.

‘கல்விக்கடன் உள்ளவன், தங்கையின் திருமணத்திற்குச் சேர்க்கிறவன் வேலையை விட முடியுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாரும் பேராசிரியர் பதவியைத் துறக்க வேண்டியதில்லை. நள்ளிரவு வரை நீளும் அலுவலக அழைப்புகளில் ஒன்றை மறுக்கலாம். பிள்ளையோடு உண்ணும் இரவு உணவுக்காக ஒரு கூடுதல் பொறுப்பை வேண்டாம் எனலாம். அதுவும் விலைதான்.

இதில் சபைக்கும் பங்குண்டு. சாட்சி வேளையில் பதவி உயர்வு பெற்றவருக்காக ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். வயது சென்ற தாயைப் பராமரிப்பதற்காக அதே உயர்வை மறுத்தவரை எழுந்து சாட்சி சொல்ல அழைக்கிறோமா? நாம் எதற்கு மகிழ்கிறோமோ அதையே நம் பிள்ளைகள் இலக்காகக் கொள்வார்கள்.

ஆகையால் இவ்வாரம் உங்கள் இலக்குகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் அதற்காக நீங்கள் விடப்போவதையும் எழுதி, ஜெபத்தோடே வாசியுங்கள். எதையும் விட மனமில்லாத இலக்கை அடித்துவிடுங்கள். மீதியிருப்பதைச் செய்து முடிக்க வேண்டிய பெலனைத் தேவன்தாமே உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.