தறிக்காரருக்கு ஓர் இடம்

1861ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டசபை அமைந்தபோது, அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்களைக் கவர்னரே நியமித்தார். அப்படி உள்ளே போன வெள்ளைக்கார வணிகர்களில் ஒருவர் ஆர்பத்நாட் கம்பெனியின் வில்லியம் ஆர்பத்நாட். 1836இல் தொடங்கிய சென்னை வர்த்தக சபைக்கு, 1909 சீர்திருத்தத்தில் தன் ஆளைத் தானே தேர்ந்தெடுத்து அனுப்பும் உரிமையும் கிடைத்தது. பாவு ஓட்டி, தறிக்குழியில் கால் வைத்து உழைத்த காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துக்கு அந்தச் சட்டசபையில் இடமில்லை.

தன் தொழிலுக்காக வணிகர் பேசியதை நாம் குறை சொல்லவில்லை. அவர் மட்டுமே பேச முடிந்தது என்பதுதான் குறை. 1906 அக்டோபரில் அதே ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, ஏராளமானோரின் சேமிப்பு கரைந்தது. பணம் போட்டவர்களுக்கென்று சட்டசபையில் ஓர் இடம் இருந்ததில்லை.

நல்ல வணிகரும் இருந்தார். கைக்குட்டைத் துணி வியாபாரம் செய்த கஜுலு லட்சுமிநரசு செட்டி, வரி வசூலில் குடியானவர்கள் பட்ட சித்திரவதையை வெளிக்கொணரப் பாடுபட்டார். 1855இல் அதை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை வந்தது. 1863இல் அவரும் சட்டசபை உறுப்பினரானார். ஆனால் ஒருவரின் நல்ல மனசை நம்பி ஒரு தொழிலே வாழ முடியாது.

எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபின், நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1957இல் காஞ்சிபுரத்திலிருந்து சட்டமன்றம் போனார். பேச ஆள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்த ஊர் கண்டிருக்கிறது. இருந்தும், 1992இல் அமைந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020 ஜூலை 27இல் ஒன்றிய அரசு கலைத்தது. தேசியக் கைத்தறி நாளுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. நியமன உறுப்பினர்கள்தாம் என்றாலும், நெசவாளர் குரல் டெல்லிக்குப் போக இருந்த ஒரு வாசல் அது.

பட்டு நூல் விலை, சரிகையின் தரம், கோர்வைச் சேலைக்கான கூலி, விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டென்று விற்கப்படுவது: இவற்றை முடிவு செய்யும் ஒவ்வொரு மேசையிலும் தறியில் உட்காருகிறவர் உட்கார வேண்டும். வாரியம் திரும்ப வரட்டும். இம்முறை அதன் உறுப்பினர்களை நெசவாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். கூட்டுறவுச் சங்கத் தேர்தல்கள் தவறாமல் நடக்கட்டும். வர்த்தக சபைக்கு 1909இல் கிடைத்த உரிமையைத்தான் நெசவாளருக்கு இன்று கேட்கிறோம்.