தோட்ட வாரியத்தின் வாரிசுகள்

சென்னை சென்ட்ரலில் இறங்கி வெளியே வருபவர் கண்ணில் முதலில் படுவது ரிப்பன் கட்டடத்தின் வெண்மை, அதையடுத்து விக்டோரியா பொது அரங்கின் செங்கல் சிவப்பு. இந்த இரண்டும், பின்புறமுள்ள நேரு விளையாட்டரங்கமும், புறநகர் ரயில்கள் வந்து ஓயும் நிலையமும் ஒரே பூங்காவின் மேல் எழுந்தவை என்பது அங்கே அன்றாடம் நடந்து போகும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், கறுப்பர் நகரத்தின் நெரிசலை ஒட்டிக் கிடந்த 116 ஏக்கரில் ‘மக்கள் பூங்கா’வைத் தொடங்கினார். வருமான வரியை எதிர்த்து மேலிடத்தைப் பகைத்துக்கொண்டதால் மறு ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார், பூங்கா நின்றது. அதில் பதினொரு குளங்கள் இருந்தன, இசைக்குழு வாசிக்க மேடை இருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அதன் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் சேர்த்து வைத்திருந்த விலங்குகளும் சில ஆண்டுகளில் இங்கே குடிபெயர்ந்தன. ஊரே திரளும் இடமாக அது இருந்ததற்குத் துயரமான சான்றும் உண்டு: 1886ஆம் ஆண்டின் கடைசி நாளில் இங்கே நடந்த பொருட்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

அந்தப் பூங்காவை யாரும் திருடவில்லை. அதுதான் இந்தக் கதையில் என்னை நெடுநாளாக உறுத்துவது. விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி நகரத்துக்கு ஒரு பொது அரங்கு வேண்டியிருந்தது. பூங்காவின் ஓரத்தில் 1880களின் இறுதியில் எழுந்தது. நகருக்கு நல்ல சந்தை வேண்டியிருந்தது. 1900இல் மூர் மார்க்கெட் திறந்தது. பழைய புத்தகக் கடைகளால் ஒரு தலைமுறைத் தமிழ் வாசகர்களை வளர்த்த சந்தை அது. அதைக் குறை சொல்ல எந்த எழுத்தாளனுக்கும் மனம் வராது. மாநகராட்சிக்கு அலுவலகம் வேண்டியிருந்தது. 1913இல் ரிப்பன் கட்டடம் வந்தது. பிறகு விளையாட்டரங்கம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. விலங்குக் காட்சிசாலை வண்டலூருக்குப் போனதும் அதே ஆண்டில்தான். சந்தை இருந்த இடம் ரயில்வேக்குப் போயிற்று. இன்று மை லேடீஸ் பூங்கா என்ற சிறு துண்டும் சில முதிய மரங்களும் மிச்சம். ஒவ்வொரு கட்டடமும் பொதுநலத்துக்காகவே வந்தது. நகரத்தின் பூங்காக்களைப் பராமரிக்கும் மாநகராட்சியே ஒரு பூங்காவின் மேல் அமர்ந்து நூறாண்டுக்கு மேலாகக் கோப்புகளைப் பார்த்து வருகிறது.

இது ஒரு பூங்காவின் விதி மட்டும் என்றால் விட்டுவிடலாம். கிண்டியில் ஆளுநர் மாளிகையைச் சுற்றியிருந்த காட்டுக்கும் இதேதான் நடந்தது. 1956இல் காந்தி மண்டபம், 1959இல் ஐ.ஐ.டி., பிறகு ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு நினைவகம், ஒரு மருத்துவமனை. எஞ்சிய சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் 1978இல் தேசியப் பூங்காவானது. சட்டத்தின் வேலி வந்த பின்புதான் நல்ல காரியங்கள் அந்தக் காட்டை விட்டு விலகி நின்றன.

இன்னும் பின்னே போனால், பூங்கா என்ற ஏற்பாடு வருவதற்கு முன்பே இந்த நகரத்துக்குத் திறந்தவெளிகள் இருந்ததைக் காணலாம். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது ஒரு பெரிய நீர்ப்பரப்பு. வெள்ளைக்காரர்கள் அதை நெட்டேரி என்னும் பொருளில் லாங் டேங்க் என்றார்கள். அதில் படகுப் போட்டியும் நடத்தினார்கள். அந்த ஏரி பாசனத்துக்காக இருந்தது. வயல்கள் பங்களாத் தோட்டங்களாக மாறியபோது ஏரிக்கு வேலை போயிற்று. 1920இல் நகரத் திட்டச் சட்டம் வந்தது. பெருகிய குடும்பங்களுக்கு வீடு கட்ட நிலம் தேடிய கண்களில், பாசனமற்ற ஏரி வெறும் பள்ளமாகத் தெரிந்தது. தூர்த்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் பெயரில் ஒரு நகர் எழுந்தது. அதன் நடுவில் அப்போதைய சென்னை மாகாணப் பிரதமர் பனகல் அரசரின் பெயரில் ஒரு பூங்கா வைத்தார்கள். இழந்த ஏரிக்கு ஈடாக, அதன் மடியிலேயே சில ஏக்கர் பச்சை. நுங்கம்பாக்கம் பகுதியில் மிஞ்சிய ஏரியின் மேல் 1976இல் வள்ளுவர் கோட்டத்தின் கல்தேர் நின்றது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் உண்டு. மாடியில் ஏறி நின்றாலும் ஏரி தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும்போது, ஏரி தன் முகவரியை மறக்கவில்லை என்பது தெரிகிறது.

நிலம் பறிபோவதற்கு முன்னால் அதன் வேலை பறிபோகிறது. ஒரு வெளியால் யாருக்கு என்ன பயன் என்பதைச் சொல்ல ஆளில்லாமல் போகும்போது, அரசின் பதிவேட்டிலும் ஊரார் மனத்திலும் அது காலி இடமாகிவிடுகிறது. பிறகு எந்த நல்ல காரியமும் அதில் வந்து அமரலாம். மனைப்பிரிவுகளிலும் இதே கதைதான். பெரிய மனைப்பிரிவில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்த இடங்களைத் தேடிப் போய்ப் பாருங்கள். ஒன்றில் மேல்நிலைத் தொட்டி, ஒன்றில் வார்டு அலுவலகம், ஒன்றில் பூட்டிய கம்பிக் கதவுக்குப் பின்னால் துருப்பிடித்த சறுக்குமரம்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால், இந்த நகரத்திலிருந்து ஒரு பகல் பயணத் தொலைவில், இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடை கண்டவர்கள் இருந்தார்கள். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். தேர்தலைப் பற்றிப் பெருமிதப்பட்டுவிட்டு, தேர்ந்தெடுத்தவர்களை எதற்கு அனுப்பினார்கள் என்பதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். ஊரின் பகுதிகளான முப்பது குடும்புகளிலிருந்து குடும்புக்கு ஒருவராக எடுத்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். ஊரின் பொது நிர்வாகத்தைப் பார்க்கும் சம்வத்சர வாரியத்துக்கு ஆளெடுக்கும்போது, தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணி செய்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களையும் எடுத்தார்கள். தோட்டமும் ஏரியும் பார்த்துப் பழகியது ஊரை ஆள ஒரு தகுதி! பதவி 360 நாள். கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் அடுத்த ஓலையில் இடம்பெற முடியாது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. அது நிலவுடைமை கொண்ட பிராமணர்களின் சபை. வரப்பில் நின்று உழைத்தவர் பெயர் எந்தக் குடத்துக்குள்ளும் போகவில்லை. கோயில் நந்தவனங்களின் பூவைத் தொடக்கூட எத்தனையோ பேருக்கு உரிமை இருந்ததில்லை. அந்த வகையில், இன்ன சாதியார் என்று கேளாமல் எல்லோருக்கும் பொதுவான ஒரு தோட்டம் என்ற எண்ணம், அந்நியன் கொண்டுவந்ததானாலும், நமக்குப் பெரிய வரவு. ஆனால் அந்தப் பூங்கா ஓய்வுக்கானது, உலாவுவதற்கானது. அதற்கு ஊரின் நீரோடும் சோறோடும் தொடர்பில்லை. அதனாலேயே அதைக் காக்கும் கைகளும் குறைவாக இருந்தன. ஏரிக்கு வேலை இருந்தது, எல்லோருக்கும் உரிமை இல்லை. பூங்காவில் எல்லோருக்கும் உரிமை இருந்தது, அதற்கு வேலை இல்லை. இந்த இரண்டையும் ஒரே நிலத்தில் சேர்த்து வைக்க முடியுமா என்பதே நம் தலைமுறைக்கு வந்து சேர்ந்திருக்கும் கேள்வி.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வீடுகளுக்குள் வந்தது. மறு ஆண்டு டிசம்பர் 12இல் வர்தா புயல் நகரத்தின் பச்சையை ஒரே பகலில் உரித்துப் போட்டது. சாலையெங்கும் விழுந்து கிடந்தவற்றில் பெருங்கொன்றையும் செம்மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும் ஏராளம்: விரைவில் நிழல் தரும் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள், வேரோட இடமில்லாமல் சிமென்ட் கல்லுக்கு நடுவே நின்றவை. இந்தக் கடற்கரைக்கு உரிய காடு வேறு வகை. கிண்டியில் மிச்சமிருக்கும் குறுங்காட்டில் உலக்கைப் பாலையும் இரும்புலியும் களாவும் குட்டையாக, நெருக்கமாக, தடித்த இலையோடு வளர்கின்றன. கோடையின் நீண்ட வறட்சியையும் காற்றையும் தாங்கப் பழகியவை. கண்ணுக்குக் குளிர்ச்சியான பூங்கா வேண்டும் என்றால் கொரியன் புல்லும் பேவர் பிளாக்கும் போதும்; அந்தப் புல்லுக்குக் கோடையில் தண்ணீர் லாரி வரவேண்டும். 2019இல் குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் இது.

மாற்று வழி தெரியாமலும் இல்லை. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய கழியில், குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டிய 58 ஏக்கரைத் திரும்பக் கழியாகவே ஆக்கினார்கள். ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனத்தினரின் துணையோடு மண்ணை அகற்றி, நீரோட்டத்தைத் திறந்து, அலையாத்தியும் உள்ளூர் மரங்களும் நட்டு 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா அது. நீர் வந்தது, மீன் வந்தது, பறவை தானே வந்தது. அண்மைக்காலத்தில் மாநகராட்சி ‘ஸ்பாஞ்ச் பார்க்’ என்று சிறு பூங்காக்களில் குளம் வெட்டி மழைநீரை இறக்கத் தொடங்கியிருக்கிறது. பெயர் புதிது. தாங்கல் என்ற பழைய சிற்றேரிகளுக்கு இந்த வேலை புதிதல்ல.

இதற்கிடையே மெட்ரோ வந்தது. ஷெனாய் நகரின் திரு.வி.க. பூங்கா, மெட்ரோ நிலையம் கட்டுவதற்காகப் பத்தாண்டுக்கு மேல் மூடிக்கிடந்தது. பெருமரங்கள் போய், நிலையத்தின் கூரைமேல் புதுப் பூங்கா விரிந்திருக்கிறது. கூரைக்கு மேல் எவ்வளவு ஆழம் வேர் போகும், எவ்வளவு மழை இறங்கும்? பனகல் பூங்காவுக்கும் மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி வந்தது. ரயில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அதில் போய்வருபவன்தான் நானும். 1900இல் சந்தை வேண்டாம் என்று எவரும் சொல்லியிருக்க முடியாததுபோல.

இப்போது வரலாறு ஒரு விந்தையான வாய்ப்பைத் தந்திருக்கிறது. கிண்டியில் குதிரைப் பந்தயக் கிளப்புக்கு 1940களில் 99 ஆண்டுக்கு, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சத்துக்கு விடப்பட்டிருந்த ஏறத்தாழ 160 ஏக்கரை 2024இல் தமிழக அரசு மீட்டது. அதில் 118 ஏக்கரைப் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கியது. 1859இன் 116, 2024இன் 118. வேளச்சேரிப் பக்கம் பாயும் மழைநீரைத் தாங்க அங்கே முதலில் வெட்டியதும் குளங்கள்தான். சந்தை மதிப்பில் பல ஆயிரம் கோடி பெறும் நிலம் அது. அதன் ஓரத்தில் ஒரு மருத்துவமனையோ, ஓர் அரங்கமோ, ஒரு பெரியவரின் மணிமண்டபமோ, ஒரு பறக்கும் பாலத்தின் தூணோ வேண்டும் என்று கேட்கும் நாள் வரும். கேட்பவர்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். அவர்கள் கேட்பது நியாயமாகவும் இருக்கும்.

அந்த நாளில் வேண்டாம் என்று சொல்ல அந்த நிலத்துக்கு ஒரு வாரியம் வேண்டும். அதற்கான சட்டம் நம்மிடம் உண்டு. 2022இல் தமிழக நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் விதிகளோடு வந்தன. முதல் பகுதி சபைகள் அந்த நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் கூடின. பெரும்பாலும் காலி நாற்காலிகளோடு கூடுகின்றன. பேச்சு சாக்கடை அடைப்பிலும் தெருவிளக்கிலும் முடிந்துபோகிறது. உங்கள் பகுதி சபை அடுத்த முறை கூடும்போது போங்கள். உங்கள் தெருக்கோடிப் பூங்காவின் புல எண் என்ன, பதிவேட்டில் அது எத்தனை சென்ட், இன்று தரையில் எத்தனை சென்ட், சென்ற மழையில் அதில் எவ்வளவு தண்ணீர் இறங்கியது, பராமரிப்புக்கு யார் பெயரில் எவ்வளவு செலவு எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கணக்கை எழுத்தில் வாங்குங்கள். தராதவர் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது அதை நினைவில் வையுங்கள்.