ஏதிலியர் வாயிலுக்கு வரட்டும் சட்டவுதவி!

பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ளது கீழ்ப்புத்துப்பட்டு ஈழத்தமிழர் குடியிருப்பு. இத்தகைய குடியிருப்புகளுக்கு 2021-இல் தமிழ்நாட்டரசு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் சூட்டியது. பெயர் மாறிற்று, நிலை மாறிற்றா?

1951-ஆம் ஆண்டின் பன்னாட்டு ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா இன்றளவும் ஒப்பமிடவில்லை. 2019-இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்திலும் ஈழத்தமிழர்க்கு இடமில்லை. (தமிழர்க்கென்றால் மட்டும் தில்லியின் கதவு திறப்பதேயில்லை!) ஆயினும், உள்ள சட்டமே துணைநிற்கும் இடங்கள் உண்டு. 1950 சனவரி 26 முதல் 1987 சூன் முடிய இந்திய மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவர்க்கு அவ்வுரிமை உண்டென உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் தீர்ப்பளித்தது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து!

சட்டப்பணிகள் ஆணையங்கள் எதற்கு இருக்கின்றன? 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, இனவன்முறைக்கு ஆளானோரையும் பெண்டிர் அனைவரையும் கட்டணமில்லாச் சட்டவுதவிக்கு உரியராக்குகின்றது. குடிமகனுக்கே அவ்வுதவி என்று அப்பிரிவு வரையறுக்கவில்லை. ஆனால், வருகைப் பதிவுக்குக் கட்டுப்பட்டு நாட்கூலியில் வாழ்வோர் விழுப்புரத்து மன்ற வாயிலில் எத்தனை நாள் காத்துக் கிடப்பர்?

திங்கள்தோறும் குறித்த நாளில் வழக்குரைஞர் குடியிருப்புக்கே வரவேண்டும். அங்குப் படித்த இளைஞரைச் சட்டத் தொண்டராய்ப் பயிற்றவேண்டும். விண்ணப்பமும் விடையும் தமிழிலேயே அமையவேண்டும். முதற்பணியாக, 1987-க்கு முன் இங்குப் பிறந்தோர் பட்டியலைத் தொகுத்து, பிறப்புச் சான்று இல்லாதார்க்குப் பழைய பதிவேடுகளைத் தேடித் தருக.