அயலார் நம் அவைக்கு வரும்போது

பிறமொழியாளர் ஒருவர் நம் அவையில் எழுந்து தமிழிற் பேசத் தொடங்கினால் நாம் செய்வது யாது? முதலிற் கைதட்டுகின்றோம். அடுத்து, ழகரம் பிழைத்ததைக் கேட்டு நகைக்கின்றோம். ஈற்றில், அவர் தமிழில் வினாவியதற்கு ஆங்கிலத்தில் விடையிறுக்கின்றோம். அவர் கூறிய கருத்துச் சரியோ பிழையோ என்று ஆராய்வார் இலர். இதனை விருந்தோம்பல் என்று கருதுகின்றோம். உண்மையில், இது வந்தவரைத் திண்ணையோடு நிறுத்திவிடும் உபசாரமே.

நம் மாத்தளையின் அலுவிகாரை, கி.மு. 1ஆம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடம் என்பதை யாவரும் அறிவர். அதன்பின், கி.பி. 5ஆம் நூற்றாண்டில், புத்தகோசர் பாரதத்திலிருந்து அனுராதபுரம் வந்தார். சிங்களத்தில் இருந்த உரைகளைக் கற்றுப் பாளியில் ஆக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மகாவிகாரைப் பிக்குகள் அவரைப் புகழ்ந்தும் அனுப்பவில்லை, இகழ்ந்தும் அனுப்பவில்லை. இரண்டு பாட்டுகளைக் கொடுத்துப் பொருள் விரிக்கச் சொன்னார்கள் என்பது மரபு. அத்தேர்வின் விளைவே விசுத்திமக்கம் என்னும் பெருநூல். வந்தவரை ஒத்தாராகக் கருதிய அவையே அவரைச் சோதிக்கும்.

யாழ்ப்பாணத்திலும் இதற்குச் சான்றுண்டு. வெசுலியன் பாதிரியார் பீற்றர் பேர்சிவலுடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். சமயத்தில் இருவரும் இரு துருவங்கள். அம்முரண்பாட்டை நாவலர் மறைத்தாரல்லர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பள்ளியையே தொடங்கினார். ஆயினும் தமிழ்ப் பணியில் இருவரும் ஒருங்கிருந்தனர். பேர்சிவல் பின்னர் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். தூரத்துத் தாய்வான் தீவிலும், ஸ்கொத்லாந்துப் பாதிரியார் தோமஸ் பார்க்லே 1885இல் தொடங்கிய பத்திரிகை அம்மக்களின் பேச்சு மொழியிலேயே வெளிவந்தது. அதுவே அத்தீவின் முதல் அச்சுப் பத்திரிகை.

அயலார் நம் நூல்களைத் தம் விருப்பப்படி திரிப்பரே என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் காரணமற்றதன்று. 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப் ஐயர், வள்ளுவர் கிறித்தவ போதனையைக் கேட்டிருக்கலாம் என்று எழுதினார். அக்கருத்தைத் தமிழறிஞர் மறுத்தனர். அவருடைய உழைப்பையோ மறுத்தாரல்லர். பிழை திருந்துவது உரையாடலில் மட்டுமே. கதவை அடைத்தால் பிழை வெளியே இருந்து வளரும். கைதட்டி மட்டும் விட்டால் உள்ளேயே வளரும்.

பிறரை அந்நியர் என்று ஒதுக்குதற்கு மாத்தளைத் தமிழராகிய நாம் சற்றே நாண வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்து கோப்பித் தோட்டம் ஆக்கியவரின் வழித்தோன்றல்கள் நம்முள் எத்தனை பேர்! 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை அந்நியராக்கியது. அக்குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அதனினும் வருந்தத் தக்கது ஒன்றுண்டு: தோட்டத்துப் பேச்சைக் கேட்டு நகைத்த தமிழரும் இருந்தனர். சொல்லை விட்டு உச்சரிப்பை எடைபோடுவோர் முன் நாவெழாது நிற்பது எத்தகையது என்பதை நம்மவர் அறிவர்.

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உத்தியோகத்தின் பொருட்டோ, ஆர்வத்தின் பொருட்டோ தமிழ் பயிலும் சிங்கள அன்பர்கள் நம் நகரில் உளர். அடுத்த கலைவிழாவில் அவர்களைப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் அமர்த்துவதோடு நில்லாது, விவாத மேடையில் ஏற்றுவோம். அவர் கூற்றைத் தமிழிலேயே மறுப்போம். அவர் நம்மை மறுத்தால் தமிழிலேயே செவிமடுப்போம். பிழையாகப் பேசினால், தம்பிக்குச் சொல்வதுபோலத் திருத்துவோம். நாமும் அவர் அவையிற் சென்று சிங்களத்தில் இடறி விழுந்து எழுவோம். அந்நாளில், கைதட்டல் சற்றுக் குறைந்தாலும் தமிழ் சற்று வளர்ந்திருக்கும்.